பதினேழு வயதும் முந்நூறு குதிரைத்திறனும்

மலேசியாவில் 16 வயது நிரம்பிய பையன் ஒருவன் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப் போனால், சட்டம் அவனுக்கு அளந்துதான் கொடுக்கிறது. பி2 உரிமத்தில் 250 சிசி வரை ஓட்டலாம், பி1 என்றால் 500 சிசி வரை. அதற்கும் மேற்பட்ட வண்டிக்கு எல்லை குறிக்காத பி (B) உரிமம் வேண்டும். வேகம் கூடக் கூடத் தகுதியும் கூட வேண்டும் என்ற தெளிவான எண்ணம் இதில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 17 வயதில், அதே பையன் காருக்கான டி உரிமம் எடுக்கிறான். இங்கே அந்த எண்ணத்தைக் காணோம். டி உரிமம் பார்ப்பது வண்டியின் எடையை மட்டுமே. 3,500 கிலோவுக்கு உட்பட்ட எந்தக் காரையும் அவன் ஓட்டலாம். 31 குதிரைத்திறன் கொண்ட பழைய பெரோடுவா கஞ்சிலும், 319 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிவிக் டைப் ஆரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வை முடித்த கையோடு உரிமம் எடுக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் ஏராளம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பத்துமலையிலோ ஆண்டு முடிவில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் நிரம்பி வழிவது அதனால்தான். அந்தப் பிள்ளைகளிடம் சக்திமிக்க காரைக் கொடுக்கலாமா என்ற கேள்வி செய்தித்தாளில் ஒரு கோர விபத்து வரும்போதெல்லாம் எழுந்து, ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கக் கூடாது. ஆனால் பழியைப் பிள்ளையின் குணத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது.

இந்தக் கேள்வியே தேவையில்லை என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. நம் சாலைகளில் சாகும் இளைஞர்களில் எத்தனை பேர் ஸ்போர்ட்ஸ் காரில் சாகிறார்கள்? நியாயமான கேள்வி. மலேசியச் சாலைகளில் 2016இல் 7,152 பேர் இறந்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 6,443. ஒவ்வோர் ஆண்டும் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை போட்டு, உலகுக்கே முன்னோடியாக நின்ற நாடு இது. அப்படியிருந்தும் நம் வீட்டுத் துக்கங்களில் பெரும்பங்கு காப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிளில்தான் வருகிறது. சக்திமிக்க கார்களைப் பற்றி எழுதும் யாரும் இதை மறந்து எழுதக் கூடாது.

இருந்தாலும் அந்த மறுப்பு ஒரு மாற்றத்தைக் கவனிக்கத் தவறுகிறது. சக்திமிக்க கார் என்பது ஒரு காலத்தில் கோடீஸ்வரர் வீட்டுப் பொருள். இன்று அதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது. 2024 தொடக்கத்தில் மலேசியாவுக்கு வந்த பிஒய்டி சீல் மின்சாரக் காரின் உயர்ரகம் 530 குதிரைத்திறன் கொண்டது. 3.8 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அப்போதைய விலை இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. நான்கு கதவு, அமைதியான ஓட்டம், குடும்பக் கார் தோற்றம். முன்பு ஃபெராரி வாங்கினால் மட்டுமே கிடைத்த பாய்ச்சல், இப்போது அப்பா வேலைக்கு எடுத்துச் செல்லும் காரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சாவி வீட்டு மேசை மேல் கிடக்கிறது.

இது மேல்தட்டு வாசல் என்றால், கீழ்த்தட்டு வாசல் இன்னும் அகலமானது. நம் ஊர்ப் பட்டறைகளில் ஹாஃப்கட் என்று ஒன்று இறங்கும். ஜப்பானில் ஓடி முடித்த காரைக் கண்ணாடித் தூணோடு குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்புவார்கள். எஞ்சின், கியர்பெட்டி, மின்கம்பிக் கட்டு எல்லாம் அதிலேயே இருக்கும். கஞ்சில் பிரியர்களுக்கு ஜேபி-ஜேஎல் என்ற பெயர் மந்திரம் மாதிரி. டைஹாட்சுவின் 659 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ எஞ்சின் அது. 64 குதிரைத்திறன். எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் 31 குதிரைத்திறனுக்கென்று வடிவமைத்த, 700 கிலோகூட எட்டாத வண்டியில் அதைப் பொருத்தும்போது சக்தி இரட்டிப்பாகிறது. மெல்லிய கதவும், ஏர்பேக் இல்லாத டேஷ்போர்டும் அப்படியே இருக்கின்றன. பிரேக்கும் டயரும் பெரும்பாலும் பிறகு, பணம் சேர்ந்தபின், பார்த்துக்கொள்ளப்படும். 18, 19 வயதுப் பிள்ளை சம்பளம் சேர்த்துச் செய்துகொள்ளக்கூடிய வேலை இது. அந்த வேலையில் இருக்கும் கைத்திறனையும் ஈடுபாட்டையும் நான் மதிக்கிறேன். எத்தனையோ நல்ல மெக்கானிக்குகள் அந்த ஆர்வத்திலிருந்து வந்தவர்கள். அதே வண்டி இரவில் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

எங்கே போகிறது? பத்துமலையிலிருந்து வடக்கே ஜாலான் சுங்கை துவா பிடித்துப் போனால், வீடுகளும் கடைகளும் முடிந்து பத்து அணைக்கட்டு வரும். அதைத் தாண்டினால் காடு, வளைவு, மேடு, மீண்டும் வளைவு என்று உலு யாம் வரை ஒரு பாதை. கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் ஓட்டுவதை ரசிக்கும் யாருக்கும் தெரிந்த சாலை. இரு வழிப் போக்குவரத்து, நடுவில் தடுப்பு கிடையாது. ஞாயிறு காலையில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஏறுவார்கள், டுரியான் காலத்தில் ஓரத்தில் கடை முளைக்கும், ஆற்றில் குளிக்க வந்த குடும்பங்கள் காரைப் புல்லில் நிறுத்திவிட்டுச் சாலையைக் குறுக்கே கடப்பார்கள். குரங்குகளும் உண்டு. வளைவுக்கு அப்பால் இவர்களில் யார் நிற்கிறார் என்று தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் வினாடிக்கு 17 மீட்டர் கடக்கிறார். 110இல் வருபவர் 30 மீட்டர் கடந்துவிடுகிறார். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் ஒன்றரை வினாடிக்குள் அவருடைய கார் 45 மீட்டர் முன்னே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்கத் தொடங்குகிறது. வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். பாடத்தில் அதற்கு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கே வளைவில் அது நினைவுக்கு வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதில்தான் ஆய்வுகள் உதவுகின்றன. புதிதாக உரிமம் எடுத்தவர்களின் விபத்து ஆபத்து, தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. பிறகு வேகமாகக் குறைகிறது. எந்த வயதில் தொடங்கினாலும் இது உண்டு. 17 வயதில் தொடங்குவோரிடம் இன்னும் கடுமையாக உண்டு. தவறு பெரும்பாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் திறமையில் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற கணிப்பில் இருக்கிறது. அதோடு நண்பர்கள் சேர்கிறார்கள். அமெரிக்காவில் 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். தனியாக விளையாடும்போதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது பதின்ம வயதினர் எடுத்த அபாயம் பெருமளவு கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் இல்லை. 16, 17 வயது ஓட்டுநரின் காரில் பயணிகள் கூடக் கூட ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பு ஏறுகிறது என்று 2000இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இதே பிள்ளை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது ஒழுங்காகத்தான் ஓட்டுகிறான். “என் பையன் நல்லாதான் ஓட்டுறான்” என்று அம்மா சொல்வது பொய் இல்லை. அவர் பார்த்த பயணம் அது. இரவு 2 மணிக்குப் பின்னிருக்கையில் மூன்று நண்பர்களோடு போகும் பயணத்தை அவர் பார்த்ததில்லை.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடாதா? கார் ஆர்வலர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். நம் உரிமத் தேர்வைப் பார்த்தால் அவர்கள் கோபம் புரியும். 50 கேள்விகளில் 42க்குச் சரியாகப் பதில் சொன்னால் எழுத்துத் தேர்வில் தேறலாம். செய்முறையில் மேட்டில் நிறுத்தி எடுப்பது, பார்க்கிங் செய்வது, மூன்று முனையில் திருப்புவது, பிறகு பழகிய ஒரு சாலைச் சுற்று. அவசர பிரேக் பிடித்துப் பார்த்த அனுபவம் இல்லாமலேயே ஒருவர் புதிய ஓட்டுநருக்கான பி (P) ஸ்டிக்கரோடு நெடுஞ்சாலைக்கு வந்துவிடுகிறார். அதனால் ட்ராக்கில் கொண்டுபோய்ப் பழக்குங்கள் என்கிறார்கள். ஒரு காலத்தில் ஷா ஆலாமில் பத்து தீகா பந்தயத் திடல் இருந்தது. இப்போது அது இல்லை. 1999இல் சிப்பாங் வந்தது. உலகத் தரமான திடல்தான். ஆனால் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, போக வரச் செலவும் அதிகம். பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், பாதுகாப்பாக வேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்தப் பயிற்சி சாலையில் உயிரைக் காக்குமா என்பது வேறு விஷயம். 1974இல் அமெரிக்காவில் வில்லியம்ஸ், ஓநீல் என்ற ஆய்வாளர்கள், உரிமம் பெற்ற பந்தய ஓட்டுநர்களின் சாலைப் பதிவுகளைச் சாதாரண ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். பந்தயக்காரர்களுக்கே விபத்தும் சம்மனும் அதிகம். நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைப் புதியவர்களுக்குக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்களின் விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. திறமை வளர்ந்த அளவைவிடத் துணிச்சல் அதிகமாக வளர்ந்தது. இந்த இரண்டு முடிவுகளும் பெற்றோர் அனைவருக்கும் தெரிய வேண்டியவை. ‘அவன் நன்றாக ஓட்டுவான்’ என்பதைக் காரணம் காட்டிச் சாவியைக் கொடுக்கும் வீடுகளே அதிகம்.

இதற்கு எதிராகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒன்றும் நம் மண்ணிலேயே உண்டு. 2015 மார்ச் 29 அன்று சிப்பாங்கில் நடந்த மலேசிய கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயத்தில் 17 வயதான மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஏழாவதாக வந்து, ஃபார்முலா 1 வரலாற்றிலேயே மிக இளவயதில் புள்ளி பெற்றவரானார். அன்று அவரிடம் சாலையில் கார் ஓட்டும் உரிமம் கிடையாது. அதை 18ஆவது பிறந்தநாளில்தான் பெற்றார். பதின்ம வயதினரால் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேறு என்ன என்று கேட்பார்கள். ஆனால் சின்னஞ்சிறு வயதிலிருந்து கார்ட் பந்தயத்தில் படிப்படியாக ஏறி வந்தவர் அவர். ஓட்டியது எதிரே வண்டி வராத, சைக்கிள்காரர் இல்லாத, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள் நிற்கும் திடலில். அப்படியிருந்தும் உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, 2016 முதல் ஃபார்முலா 1 உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது, கீழ்நிலைப் பந்தயங்களில் ஈராண்டு அனுபவம், செல்லுபடியாகும் சாலை உரிமம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. 2024இல் அபூர்வத் திறனுள்ள 17 வயதினருக்கு மட்டும் விதிவிலக்கு வந்தது. வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்களே படி வைத்துத்தான் ஏற்றுகிறார்கள்.

வேறு நாடுகள் என்ன செய்தன? நியூசிலாந்து 1987இல் படிநிலை உரிமத்தைக் கொண்டுவந்தது. புதியவர் முதலில் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வு. இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. இளையோர் விபத்துகளை இது குறைக்கிறது என்று 2011இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு உறுதிசெய்தது. புதியவருக்கான நம்முடைய பி (P) உரிமத்துக்கு ஈராண்டு தவணை உண்டு, குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். ஆனால் இரவுக்கும் பயணிகளுக்கும் அதில் எந்த வரம்பும் இல்லை.

காரின் சக்திக்கே வரம்பு வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் புதிய ஓட்டுநர் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சக்தியுள்ள காரை ஓட்டக் கூடாது. இத்தாலி 2011 முதல் டன்னுக்கு 55 கிலோவாட், மொத்தம் 70 கிலோவாட் என்று முதலாண்டில் கட்டுப்படுத்தியது. 2024 இறுதியில் அளவைத் தளர்த்தி, காலத்தை மூன்றாண்டுக்கு நீட்டியது. இந்த அளவுகோல்களை நம் கார்களுக்குப் பொருத்திப் பார்த்தேன். 1.5 லிட்டர் பெரோடுவா மைவி ஆஸ்திரேலியாவில் தாராளமாகத் தேறும். இத்தாலியின் பழைய விதியிலோ மைவிகூடத் தேறாது. அது நமக்குச் சரிப்படாது. பேருந்து போகாத தாமான் குடியிருப்புகளில் மைவிதான் வேலைக்கும் கல்லூரிக்கும் கால். டைப் ஆரும் பிஒய்டி சீல் உயர்ரகமும் ஆஸ்திரேலிய வரம்பைத் தாண்டி நிற்கும். அதுவரை சரி. ஆனால் ஜேபி-ஜேஎல் பொருத்திய கஞ்சில் டன்னுக்கு 70 கிலோவாட் அளவில்தான் வரும், அதாவது விதிப்படி சாதுவான கார். இந்தக் கணக்குக்கு ஏர்பேக் தெரியாது, தேய்ந்த டயர் தெரியாது. மலேசியாவில் 2018 நடுப்பகுதி முதல் புதிதாக வரும் கார் வகைகளுக்கு இஎஸ்சி என்ற நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு கட்டாயம். அதற்கு முந்திய வண்டிகள் பலவற்றில் அது இல்லை, அந்த வண்டிகள்தான் இளைஞர் கையில் வந்து சேர்கின்றன. ஆகவே சக்தி வரம்போடு இஎஸ்சியும் ஏர்பேக்கும் உள்ள வண்டி என்ற நிபந்தனையும் வேண்டும், எஞ்சின் மாற்றப்பட்ட வண்டி பி உரிமக்காரருக்குக் கூடாது என்ற விதியும் வேண்டும்.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்புவது. இந்நாட்டில் வயது வந்தோர் என்ற சட்டத் தகுதி 18இல் வருகிறது. 17 வயதினர் கார் கடனுக்குக் கையெழுத்திட முடியாது. ஆகவே 17 வயதுப் பிள்ளை ஓட்டும் எந்தச் சக்திமிக்க காரின் பின்னாலும் ஒரு பெரியவர் இருக்கிறார். கடன் அவர் பெயரில், கிராண்ட் எனும் வண்டிப் பதிவுப் பத்திரம் அவர் பெயரில், சாவி அவர் வீட்டு ஆணியில். பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கிறதா என்று கேட்கும் நாம், கொடுத்தவரின் பொறுப்பைக் கேட்பதே இல்லை.

2024 மே 19 அதிகாலையில் இந்தியாவின் பூனே நகரில் நடந்ததை இங்கே பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே டைக்கான், மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. சில மணி நேரத்தில் சிறார் நீதிக் குழுமம் பிணை கொடுத்தது. விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடே கொதித்தது. பிறகு தந்தை கைதானார். இரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவமனை மருத்துவர்கள் கைதானார்கள். அந்தக் காருக்குப் பதிவே முடிந்திருக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, இந்தியாவில் இதற்கென்றே சட்டம் இருந்தது என்பது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து, அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. இவ்வளவு கடுமையான எழுத்து இருந்தும் அந்தக் கார் அன்றிரவு வீட்டைவிட்டு வெளியே வந்தது.

நம் சட்டம் இதைவிட மென்மையானது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. அபராதம் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவைக் கொண்டு, பிள்ளையைக் கவனியாமல் விட்ட பெற்றோர்மீது நடவடிக்கை எடுக்கவும் வழி உண்டு. ஆனால் பெற்றோரின் பொறுப்பு நம்மிடம் பேச்சாக நிலைப்பதில்லை. ஜொகூர்பாருவில் 2017 பிப்ரவரி 18 அதிகாலை, மாற்றியமைத்த சைக்கிளில் கூட்டமாகப் போன எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். அந்தக் காரை ஓட்டிய பெண்ணின் வழக்கு 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவிக்கும் வரை ஆறு ஆண்டு இழுத்தது. அத்தனை ஆண்டும் நாடு விவாதித்தது ஓட்டுநரைப் பற்றி. அதிகாலை மூன்று மணிக்கு அந்தப் பிள்ளைகள் ஏன் சாலையில் இருந்தார்கள் என்ற பேச்சு எழுந்து அடங்கியது.

உரிமம் உள்ள 17 வயதினரிடம் 500 குதிரைத்திறன் காரைக் கொடுக்கும் பெற்றோருக்கோ எந்தச் சட்டமும் இல்லை. அவர் எந்த விதியையும் மீறவில்லை. காப்புறுதி நிறுவனம் மட்டும் ஒரு சிறு கணக்கு வைத்திருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரோ பி உரிமக்காரரோ ஓட்டி வண்டி சேதமானால், இழப்பீட்டில் முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளரே ஏற்க வேண்டும். கஞ்சிலாக இருந்தாலும் போர்ஷேயாக இருந்தாலும் அதே 400.

டி உரிமத்தில் படி வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். எந்தக் கார் எத்தனை கிலோவாட் என்று சாலையில் நிற்கும் போலீஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பார்கள். பதில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கையிலேயே இருக்கிறது. மின்சாரக் கார்களுக்கு 2026 முதல் சாலை வரியை மோட்டாரின் கிலோவாட் அளவைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். எடையும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் ஏற்கெனவே பதிவாகின்றன. வண்டி எண்ணைத் தட்டினால் வரி பாக்கி தெரிகிற அதே திரையில், இந்த வண்டியைப் பி உரிமக்காரர் ஓட்டலாமா கூடாதா என்ற ஒரு வரியைச் சேர்க்க முடியும். கூடாத வண்டியை அவர் ஓட்டிப் பிடிபட்டால், சம்மன் ஓட்டியவருக்கும் கிராண்டில் பெயர் உள்ளவருக்கும் சேர்ந்தே போக வேண்டும்.